பழுது மொனிற்றரில் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய மாசி மாதம் அது. நாங்கள் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். நான் வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். ஜேர்மன் மொழி தெரியாத எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே வைத்திருக்கும் திரையில் என் முகம் வரும். டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், அவர்கள் சொல்வதை ஜேர்மனில் சொல்வேன். சொந்தமாக ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுதான் எங்கள் வேலையின் முதல் சட்டம்.

அன்று காலை மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா. இதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் என் மொனிற்றர் வெட்டத் தொடங்கியது. திரை மங்கியது, பளிச்சென்று வந்தது, மறுபடி மங்கியது. டொக்டரின் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பது எனக்குப் பழக்கமில்லை. தடுமாறி நிறுத்திவிட்டேன். அவ்வளவுதான், அந்த அக்கா பயந்துபோய்க் கேட்டார்.

"ஏன் தங்கச்சி பேசாமல் நிக்கிறீங்கள்? டொக்டர் ஏதும் கூடாததாச் சொன்னவரோ?"

"இல்லையக்கா, என்ர கொம்பியூட்டரிலதான் பிழை" என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது. டொக்டர் பெருந்தன்மையாக, மிச்சத்தை நாளை பின்னேரம் பேசலாம் என்று முடித்துக்கொண்டார். அந்த அக்கா சம்மதம் சொல்லவேண்டியதும் நாளைக்குத்தான். என் இரண்டு நொடி மௌனம் ஒரு மனுஷியை இரவு முழுக்க நித்திரையில்லாமல் வைக்கப்போகிறது. நாளைக்கும் இப்படி வெட்டினால் என்ன செய்வது?

பான் நகரில் படிக்கும் மகளுக்கு அழைத்தேன். அவள் கணினி படிக்கிறவள் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அவளைத்தான் கேட்போம்.

"மினுங்கி மினுங்கி நூருது பிள்ளை. பிறகு தானா வருது."

"லப்டொப்பின்ர திரையும் அப்பிடிச் செய்யுதோ அம்மா?"

"இல்லை, அது நல்லா நிக்குது."

"அப்ப கேபிளாத்தான் இருக்கும். கழட்டி இறுக்கிப் பூட்டுங்கோ."

கழற்றிப் பூட்டினேன். பிறகு தொலைக்காட்சியில் இருந்த கேபிளைக் கழற்றிக்கொண்டுவந்து மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. திரை ஒரு நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அவள் சொல்லச் சொல்ல அதையும் தேடிப் பிடித்துக் குறைத்தேன். கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றது. "சரி பிள்ளை, திருந்தீட்டுது" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மறுபடியும் வெட்டியது.

கடைசியில் அவளுடைய அறையில் கிடந்த பழைய மொனிற்றரைத் தூக்கிக்கொண்டுவந்து பூட்டினேன். அதுவும் அதே மாதிரி வெட்டியது.

"ரெண்டு மொனிற்றரும் ஒரே நாளில பழுதாகாது அம்மா. கறண்டிலதான் ஏதோ பிழை. குசினியில கொண்டுபோய்க் குத்திப் பாருங்கோ."

குசினியில் நான் காய்கறி வெட்டும் மேசையில் வைத்து அங்கே இருந்த பிளக்கில் குத்தினேன். படம் போல அசையாமல் நின்றது. என் சொந்த மொனிற்றரையும் கொண்டுவந்து பார்த்தேன். அதிலும் ஒரு குறையும் இல்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல ஏலாது.

"அந்தச் சுவர் பிளக்கில இனி ஒண்டும் குத்தாதேங்கோ. ஹவுஸ்மைஸ்டருக்குச் சொல்லுங்கோ. சுவரைத் தொட்டுப் பாருங்கோ, சூடா இருக்கோ எண்டு" என்றாள் மகள்.

"ஓம், ஓம்" என்றேன். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டருக்கு அழைத்தேன். மின்சார வேலைக்காரர் வர அடுத்த கிழமைதான் நேரம் கிடைக்கும், அதுவரை அந்தப் பிளக்கைப் பாவிக்க வேண்டாம் என்றார். அதுதான் பாவிக்கவில்லையே என்று நானும் விட்டுவிட்டேன். சுவரைத் தொட்டுப் பார்க்க மறந்தே போனேன். எனக்கு வேண்டியது ஆடாத திரை. அது கிடைத்துவிட்டது.

மறுநாள் பின்னேரம். என் கணவர் இரவு வேலை முடித்துவந்து, காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கையறையில் நித்திரை. அந்த அறையின் வெப்பக்குழாய் சரியாகச் சூடாவதில்லை. அதனால் சின்ன எலெக்ற்றிக் ஹீற்றர் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் படுப்பார். நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். திரை அருமையாக நின்றது. அக்காவின் முகம் நன்றாகத் தெரிந்தது. கழுத்தில் செபமாலை. அதன் மணிகளை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

டொக்டர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். நெஞ்சைத் திறப்பது, இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பது, அந்த நேரத்தில் ஒரு இயந்திரம் இரத்தத்தை ஓடவைப்பது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

அப்போதுதான் மூக்கில் அந்த மணம் ஏறியது. கருவாடு சுடுகிற மணம்.

முதலில் எனக்கு வந்தது வெட்கம். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்தே எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையல் மணத்தை யாராவது குறை சொல்லிவிடுவார்களோ என்று ஜன்னலைத் திறந்துவைத்து, குளிரில் விறைத்துக்கொண்டு சமைத்திருக்கிறேன். வேறு எந்தத் தமிழ்க் குடும்பமும் அந்தக் கட்டடத்தில் இல்லை. யார் சுட்டாலும் பழி எங்களுக்குத்தான் என்று நினைத்தபடி, கையை நீட்டி ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். மணம் குறையவில்லை. தொண்டையில் கரித்தது.

திரையில் அக்கா கேட்டார்: "தங்கச்சி, எல்லாம் விளங்குது. ஒண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ. என்னைத் திருப்பி எழுப்புவினமோ?"

நான் அதை ஜேர்மனில் சொன்னேன். டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நொடியில்தான் என் மண்டையில் உறைத்தது. எங்கள் வீட்டில் கருவாடு முடிந்து எத்தனையோ நாள். இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் கருவாடு சுடப்போவதும் இல்லை.

டொக்டரிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். என் பழைய மேசை இருந்த அறைக்குள் மணம் முகத்தில் அடித்தது. பிளக்குக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த கடதாசி தேநீர் சிந்தியது போலப் பழுப்பாகிக் கிடந்தது. உள்ளங்கையை வைத்தேன். தோசைக்கல்லில் வைத்தது போல இருந்தது. கையை உதறிக்கொண்டு நடைபாதைக்கு ஓடி, பியூஸ் பெட்டியைத் திறந்து, எது எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கீழே தட்டினேன். வீடு இருண்டது. இணையமும் நின்றது. குசினியில் அந்த அக்காவின் கேள்வி பதிலில்லாமல் அறுந்துபோனது.

படுக்கையறைக்குள் போய்க் கணவரைப் பிடித்து உலுப்பினேன்.

"எழும்புங்கோ! கெதியா எழும்புங்கோ! சுவர் எரியுது!"

அவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். "மெயினை நிப்பாட்டியாச்சுத்தானேயப்பா. இனி ஆறீடும். கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

எனக்கும் பொறுக்கத்தான் ஆசை. போன் கையில் இருக்கிறது. தீயணைப்புப் படைக்கு மூன்று இலக்கம்தான். ஆனால் என்ன சொல்வது? நெருப்பு ஒன்றும் தெரியவில்லை. கட்டடத்துக்கு முன்னால் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்று, தெருவே எட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றுமில்லை என்றால்? அகதியாக வந்த காலத்தில் இருந்து எனக்குள் ஊறிப்போன ஒன்று, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது. அதைவிட வெட்கமான விஷயம் ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஜேர்மன் பேசுகிற எனக்கு, அந்த நேரத்தில் ஒரு வசனம் வரவில்லை. மனதுக்குள் வசனத்தைக் கட்டிக் கட்டி அழித்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் சுவரில் கை வைத்தேன். ஆறவில்லை. முன்பைவிட மேலே, என் தலை உயரத்திலும் சூடு இருந்தது. நிலத்தோடு சுவர் சேரும் பலகை இடுக்கிலிருந்து தலைமுடி போல மெல்லிய புகை ஒன்று எழும்பியது. மின்சாரத்தை நிறுத்தியும் ஏன் சூடு ஏறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அது ஆறப்போவதில்லை என்பது விளங்கியது. இலக்கத்தை அழுத்தினேன்.

எடுத்தவரிடம் என் வாயில் இருந்து முதலில் வந்த வசனம், "எங்கள் கணினித் திரை மின்னி மின்னி மறைந்தது" என்பதுதான். சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் சிரிக்கவில்லை. எங்கே இருக்கிறீர்கள், சுவர் சூடா, புகை தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "கதவுகளைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போங்கள், மேல் வீட்டாருக்கும் சொல்லுங்கள்" என்றார்.

கணவர் கீழே இருந்த கதவுகளைத் தட்டிக்கொண்டு இறங்கினார். நான் மேலே ஓடினேன். எங்களுக்கு நேர்மேலே ஒரு ஜேர்மன் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். படிக்கட்டில் கண்டால் வணக்கம் சொல்வோம், அதற்கு மேல் பழக்கமில்லை. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழந்தையைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு என்னோடு இறங்கினாள்.

தீயணைப்பு வீரர்கள் வந்து, வெப்பத்தைக் காட்டும் ஒரு கமராவைச் சுவருக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். பிறகு சுவரை உடைத்தார்கள். அதெல்லாம் பிறகு எனக்குச் சொன்னார்கள். நான் தெருவில் வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது என் போன் அடித்தது. எங்கள் மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் இருந்து. அந்த டொக்டர் இன்னும் காத்திருக்கிறாராம். வேறு தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரும் அகப்படவில்லை. போனிலாவது பேச முடியுமா என்று கேட்டார்கள். பக்கத்துத் தெருவில், மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசலுக்குப் போய் ஒதுங்கி நின்றேன். இணைப்புக் கொடுத்தார்கள்.

"தங்கச்சி, என்ன சத்தம் அது? எங்க நிக்கிறீங்கள்?" என்றார் அக்கா.

சட்டப்படி நான் என் கதையைச் சொல்லக் கூடாது. ஆனால் சைரன் சத்தம் எனக்குப் பின்னால் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. "எங்கட வீட்டுச் சுவருக்குள்ள நெருப்புப் பிடிச்சிட்டுது அக்கா. எல்லாரும் வெளியால வந்திட்டம்" என்றேன்.

"மாதாவே! உங்கட மனுசனும் வந்திட்டாரோ?"

என்ன பேசுகிறீர்கள் என்று டொக்டர் ஜேர்மனில் கேட்டார். ஒரு சொல்லையும் மறைக்கக் கூடாதே. "என் வீட்டில் தீ. என் கணவர் வெளியே வந்துவிட்டாரா என்று உங்கள் நோயாளி கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். "வந்துவிட்டாரா?" என்று டொக்டரும் கேட்டார்.

ஓம் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். தன் நெஞ்சைத் திறக்கக் கொடுக்கப்போகிற ஒரு மனுஷி என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். "அழாதேங்கோ பிள்ளை, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே. ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். டொக்டரின் பதிலை வார்த்தை பிசகாமல் சொன்னேன்: "எழுப்புவோம். எழுப்பும்போது நானும் பக்கத்தில் நிற்பேன்." அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப செய்யச் சொல்லுங்கோ" என்றார்.

திரும்பி வந்தபோது, முகம் முழுக்கக் கரியோடு ஒரு தீயணைப்பு வீரர் எனக்கு விளக்கினார். அந்தப் பிளக்குக்குப் பின்னால் வயர் இணைப்பு ஒன்று தளர்ந்து கிடந்ததாம். படுக்கையறைக்கான மின்சாரமும் அதே இணைப்பு வழியாகத்தான் போகிறது. ஹீற்றர் ஓடும்போதெல்லாம் அந்த இடம் கொதித்திருக்கிறது. அதனால்தான் திரை வெட்டியிருக்கிறது. சூடான பிளாஸ்ரிக் சில வேளை மீன் போல மணக்குமாம். கடைசியில் உள்ளே இருந்த பழைய மரச்சட்டம் கணகணவென்று பற்றி, மேல் வீட்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் மொனிற்றரைக் குசினிக்கு மாற்றி, பழுது திருந்திவிட்டது என்று நிம்மதிப்பட்டேனே, அப்போது எனக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாமானைத்தான் அங்கிருந்து தூக்கியிருக்கிறேன்.

"சின்ன விஷயத்துக்கு அழைத்துவிட்டேனோ என்று பயந்தேன்" என்று அவரிடம் சொன்னேன்.

"ஒன்றுமில்லை என்றால் நாங்கள் கோப்பி குடிக்கத் திரும்பிப் போயிருப்போம். அவ்வளவுதான்" என்றார் அவர்.

வீடு திருந்தும்வரை ஹம் நகரில் உறவினர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினோம். அந்த அக்காவின் சத்திரசிகிச்சை எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வேலையில் அதைக் கேட்கவும் முடியாது. நல்லபடியாக எழும்பியிருப்பார் என்றே நம்புகிறேன். மேல் வீட்டுக் குழந்தை இப்போது நடக்கிறது, படிக்கட்டில் என்னைக் கண்டால் கையை நீட்டுகிறது. அந்தக் கை என் விரலைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், நல்ல வசனம் ஒன்று தேடி நான் போனோடு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் நினைவுக்கு வரும். ஆபத்தில் வாயைத் திறப்பதுதான் முக்கியம், பிழையான வசனத்தையும் விளங்கிக்கொள்ள மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பார் என்பதை அன்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.