பூஜைக்காக அணைத்த ஃப்ரீசர்

எங்கள் ஆய்வகத்தின் இயக்குநர் பொய் சொல்கிறார். ஃப்ரீசர் மின்தடையால் நிற்கவில்லை. அவர் அணைக்கச் சொன்னார், அணைத்தார்கள்.

நான் பெருங்குடல் புற்றுநோயை ஆராய்கிறவள். வீடு லாஸ்பேட்டையில். உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான். எது வேலை செய்ய வேண்டும், எது தூங்க வேண்டும் என்பதை அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன வேதிக் குறிகள் முடிவு செய்கின்றன. காவல் காக்க வேண்டிய மரபணுவின் மேல் தப்பான குறி ஒட்டினால் அது தூங்கிவிடும், நோய் உள்ளே வந்துவிடும். அந்தக் குறி பெரும்பாலும் அந்த ஆளோடு போய்விடும். மரபணுவே பழுதாகப் பிறந்திருந்தால் கதை வேறு. கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க நோயாளியின் கட்டி வேண்டும்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கிற ஒரு அம்மாவின் மகன் இந்த நோயில் செத்துப்போனான். சின்ன வயசு, படகில் போய்க்கொண்டிருந்தவன். அவன் கட்டியில் ஒரு துண்டும் கொஞ்சம் ரத்தமும் என்னிடம், ஆய்வக ஃப்ரீசரில் உறைந்தபடி இருந்தன. மருத்துவமனையில் இருந்த துண்டு அவர்கள் சோதனைகளுக்கே தீர்ந்துவிட்டது. ஒருநாள் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார்.

“டாக்டரம்மா, நான் போட்ட கருவாடுதான் அவன் கொடல அரிச்சிடுச்சின்னு என் நாத்தனா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறா. மெய்யா?”

“கருவாட்டுல ஒண்ணும் இல்லம்மா. ஆனா நான் ஊசி போடற டாக்டர் இல்ல.”

“ஊசி போடாத டாக்டரா? அப்ப இன்னாத்துக்கு உனக்கு சம்பளம்?” என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. “எனக்கு ஒரு பொண்ணு இருக்குதும்மா. அதுக்கும் வருமா? அத மட்டும் சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். சோதனைக்கு வேண்டிய ரசாயனம் வரக் காத்திருந்தேன்.

அதற்குள் ஆயுதபூஜை வந்தது. ஆய்வகத்திலும் கொண்டாடுவோம். கருவிகளைத் துடைத்து, பொட்டு வைத்து, ஓய்வு கொடுப்போம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடமாட்டோம். நானும் என் நுண்ணோக்கிக்குச் சந்தனம் வைத்துவிட்டுத்தான், பூஜை தொடங்குமுன் வீட்டுக்குப் போனேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஃப்ரீசருக்கு ஓய்வு கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கதவில் ‘நிறுத்தாதே’ என்று ஒட்டியும் வைத்திருந்தேன்.

விடுமுறை முடிந்து போனால் நாற்றம். தரையெல்லாம் தண்ணீர். ஃப்ரீசர் கதவில் குங்குமம், நான் ஒட்டிய காகிதத்தின் மேல் மாலை. உள்ளே கைவிட்டேன். வெதுவெதுவென்று இருந்தது.

அங்கே தினக்கூலிக்கு வேலை செய்யும் உதவியாளரைக் கேட்டேன்.

“டைரக்டர் சார்தாம்மா நிறுத்தச் சொன்னாரு. ‘இன்னாய்யா இது இப்பிடி உறுமுது, ஐயரு சொல்ற மந்திரமே கேக்கல, அதுக்கும் இன்னிக்கு லீவு குடு’ன்னாரு. அப்பறம் அதுல இருக்கற அலாரம் கீங்கீங்னு கத்திச்சி. அதயும் அமத்தச் சொன்னாரு. போட்டோ எடுத்தாங்க, பொரி கடல வாங்கிக்கினு போயிட்டாங்க. பூஜயில வெச்சத நடுவுல தொடாதன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு.”

இயக்குநர் அறைக்குப் போனேன். அவரும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர்தான்.

“சாமி காரியம்மா, பெருசு பண்ணாத. கரண்ட் போச்சுன்னு எழுதிடு.”

“சார், அந்தப் பையன் செத்துட்டான். திரும்ப எங்கேருந்து எடுக்கறது?”

“வேற பேஷன்ட் வராமலா போயிடுவாங்க?”

நான் எழுதவில்லை. அவரே எழுதிக்கொண்டார். ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து, மின்தடையால் பேரிழப்பு, அதிலிருந்தும் மீண்டோம் என்றார். கைதட்டினார்கள். உதவியாளரை அதற்கு முன்பே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

கட்டியிலும் ரத்தத்திலும் மரபணு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சிதைந்து கிடந்தது. துறைமுகத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“அழுகிடுச்சா? ஏம்மா, ஐஸ் போட்டு வெக்கலியா?”



அவர் மகளின் ரத்தத்தைச் சோதித்தோம். பழுது எதுவும் தெரியவில்லை. ஆனால் அண்ணனிடம் இருந்தது என்ன என்று தெரியாமல், தங்கையிடம் இல்லை என்று வருவதை நம்ப முடியாது. நாங்கள் தேடத் தெரியாத இடத்தில் அது இருக்கலாம். அந்தப் பெண் இனி வாழ்நாளெல்லாம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு வலித்தாலே எனக்குப் போன் செய்கிறாள். “அக்கா, இது அதுவா?” என்கிறாள். தெரியாது என்கிறேன். எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை.

இயக்குநரே, அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்கார வைப்பேன். ஃப்ரீசரை அணைக்கச் சொன்னது யார்? எல்லோர் முன்னாலும், மைக்கில், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.