மாமாவின் வலது பக்கச் சுரப்பி

என் அம்மாவின் தம்பி காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். ஒரு கூடை விற்றுப் போகும் வரை விடாமல் விலை கூவ வேண்டும். குரல் நின்றால் கூட்டம் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடும். இடது டான்சிலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று மாமா டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார்: “அப்பால கத்த முடியுமா சார்?”

அந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்தது. நான் மருத்துவ இயற்பியல் படித்து, அதே ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் இருப்பவள். கதிர் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவது என் வேலை. காதுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. அவை கருகினால் வாய் காய்ந்துபோகும், கூவ முடியாது. இடது சுரப்பி கட்டியை ஒட்டி இருந்தது. வலதைக் காப்பாற்றலாம். மூன்று நாள் கோணங்களை மாற்றி மாற்றிப் போட்டேன்.

திட்டத்தைச் சரிபார்த்த மூத்தவர், “சொந்தக்காரர்னு சுரப்பிக்கு இடம் விட்டு, கட்டியை விட்டுடாதே” என்றார். விடவில்லை.

தலை அசையாமலிருக்க, வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்வோம். மாமா படுத்துக்கொண்டே, “ஊரு மீனெல்லாம் வித்தவன வலையில மாட்டிட்டியே பாப்பா” என்றார்.

எனக்குப் பட்டியல் போடாமல் எதுவும் ஓடாது. பதினான்கு வரி எழுதி அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். பீடி கூடாது. எடை குறையக் கூடாது. கழுத்தில் பிளேடு படக் கூடாது.

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. சனி, ஞாயிறு சிகிச்சை கிடையாது. திங்கட்கிழமை மாமா வந்தபோது தலை பளபளத்தது. வேளாங்கண்ணியில் மொட்டை அடித்து, சந்தனமும் பூசியிருந்தார்.

மாஸ்க்கைப் போட்டுப் பார்த்தோம். அடர்ந்த சுருட்டை முடியோடு அச்செடுத்த மாஸ்க் அது. இப்போது உச்சியில் என் விரல் நுழைந்தது. “தலைய ஆட்டுங்க மாமா” என்றேன். உள்ளே தாராளமாக ஆடியது. நான் சுரப்பிக்கு விட்டிருந்த இடைவெளி சில மில்லிமீட்டர்தான். தலை அந்தப் பக்கம் சாய்ந்தால் வலது சுரப்பியும் போய்விடும்.

“லிஸ்ட்டப் படிக்கலையா மாமா?”

“படிச்சேனே. கழுத்துலதான் பிளேடு வெக்கக் கூடாதுன்னு கீது. கழுத்துல வெக்கல. தலைன்னு எங்க கீது?”

எங்கும் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

“வூட்டுக்காரி சொன்னா ஆரு கேக்குறா?” என்றார் கூட வந்திருந்த அத்தை. “கொணமான பொறவு மொட்ட போடலாம்னு தலப்பாடா அடிச்சிக்கினேன்.”

“ஏலத்துல முன்பணம் கட்டுனவனுக்குத்தான் கூடை” என்றார் மாமா. “மாதாவுக்கு முடிய முன்னாடியே குட்த்துட்டேன். இனிமே அவங்க பேச்சு மாற முடியாது.”

அன்று சிகிச்சையை நிறுத்தினோம். புது மாஸ்க், புது ஸ்கேன், அதன் மேல் மறுபடி திட்டம். விட்டுப்போன நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் கணக்கு வந்தது: வலது சுரப்பிக்குப் போகும் கதிர் பழைய வரம்புக்குள்ளேயே இருந்தது. அப்போதுதான் எனக்குப் பசித்தது. பட்டியலில் பதினைந்தாவது வரி எழுதினேன்: சிகிச்சை முடியும் வரை முடி வெட்டக் கூடாது, மொட்டையும் கூடாது.

“இனிமே வெட்ட இன்னா கீது?” என்றார் அத்தை. ஆனால் அந்த வரி இப்போது எங்கள் பிரிவில் எல்லா நோயாளிக்கும் போகிறது.

சிகிச்சை முடிந்தும் சில மாதம் மாமாவுக்குச் சோறு மணல் மாதிரி இருந்தது. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியோடு சண்டை போட்டார். பிறகு மெல்ல மெல்ல வலது பக்கம் ஈரம் ஊறியது. இடது பக்கம் இன்றும் காய்ந்துதான் இருக்கிறது.

போன மாதம் விடியலில் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். மாமா சங்கரா மீன் கூடைக்குக் கூவிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, ஐஸ் பெட்டி மேலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

ஏலம் கேட்க வந்த ஓர் அம்மா இடுப்பில் கைவைத்தாள். “யோவ், நீ தண்ணி குடிச்சி முடிக்கிறதுக்குள்ள மீனு கருவாடாப் பூடும்!”

“அவசரம்னா வெலய ஏத்திச் சொல்லு” என்றார் மாமா. “நான் எதுக்குக் கத்தப் போறேன்?”

அவள் திட்டிக்கொண்டே ஏற்றிச் சொன்னாள். மாமா பாட்டிலை மூடிவிட்டு, அதற்கும் மேலே ஒரு விலையைக் கூவினார்.