தேநீரை ஒளித்துவைத்த மாதம்

எங்கள் துறையில் பத்து மணித் தேநீர்தான் உண்மையான நிர்வாகக் கூட்டம். அறையின் மூலையில் ஒரு கேத்தல், யன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமைப் பின்னேர வகுப்பு யார் தலையில் விழும், யாருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், எந்த மாணவன் யாருடைய ஒப்படையைப் பார்த்து எழுதினான் என்பதெல்லாம் கேத்தல் கொதித்து ஆறுவதற்குள் முடிவாகிவிடும். நான் துறைத் தலைவி என்று கதவில் எழுதியிருக்கிறது. ஆனால் கேத்தலுக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது என்பதால்தான் என் சொல் எடுபடுகிறது.

கணினித் துறைக்கு விரிவுரையாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு. படித்த பிள்ளைகள் படித்த கையோடு கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடுவார்கள். அப்படியிருக்க, கிண்ணியாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வந்த முதல் கிழமையே என் பாடக்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இது எங்கட சாச்சி கெம்பஸ் போன காலத்து முறை” என்றாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது. அன்றைக்கு அது வருவதற்கு முன் சிரிப்பு வந்துவிட்டது. தேநீர் நேரத்தில் அவள் வாயைத் திறந்தால் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டு கிழமையில் ரமழான் நோன்பு மாதம் தொடங்கியது, அவளும் நோன்பு பிடித்தாள். நோன்புக்காரருக்கு முன்னால் வாயசைக்கக் கூடாது என்று திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் போத்தலைக்கூட மேசைக்கடியில் ஒளித்தவர்கள் நாங்கள். ஆகவே கேத்தல், பழுதான கணினிகளை அடுக்கிவைத்திருந்த களஞ்சிய அறைக்குக் குடிபெயர்ந்தது. பத்து மணியானால் ஒருவருக்குத் தொலைபேசி வரும், இன்னொருவருக்கு நூலகத்தில் வேலை வரும், எனக்குப் பீடாதிபதியைப் பார்க்கவேண்டி வரும். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கையில் தேநீரும் பொரித்த ரோல்ஸுமாகக் களஞ்சியத்தில் நிற்போம்.

அந்த நாட்களில்தான் வேறொரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் என் சிநேகிதி தொலைபேசியில் கூப்பிட்டாள். “உங்கட புதுப் பிள்ளை இஞ்ச ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கு. நான் சொன்னதெண்டு கேட்டுப்போடாதையும்.”

சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கேயென்றால் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து ஸ்கூட்டியில் வீட்டிலிருந்தே வந்து போகலாம், அங்கே போனால் அறை எடுத்துத் தங்கவேண்டும். அப்படியும் போகப் பார்க்கிறாள் என்றால் குறை எங்களிடம்தான் இருக்கவேண்டும். அவள் போனால் அவளுடைய பாடம் என் தலையில் விழும், எனக்கோ அதில் பாதி மறந்துபோயிற்று. அதைவிட, அவள் இல்லாத அந்த அறையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

களஞ்சியத்தில் அவசரக் கூட்டம் கூட்டினேன். பாலையூற்றிலிருந்து வரும் கத்தோலிக்க விரிவுரையாளர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்கட ரோல்ஸ் மணம் அவவுக்குப் போகுதோ தெரியேல்ல.” அவரும் தவக்காலம் என்று இறைச்சியை விட்டுவிட்டு, மீன் ரோல்ஸில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தார். மணமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினோம். அன்றிலிருந்து களஞ்சியக் கதவைச் சாத்தினோம், கதவடியில் பழைய துணியைச் செருகினோம், வெளியே வருமுன் ஆளுக்கொரு ஏலக்காய் மென்றோம்.

இந்த நிலைமையில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பன்மைத்துவமும் உள்ளடக்கலும் பற்றி விரிவுரையாளருக்கும் அலுவலருக்கும் ஒருநாள் பயிற்சி, வரவு கட்டாயம். “ஒரே றோட்டில கோயிலும் பள்ளியும் சேர்ச்சும் விகாரையும் இருக்கிற ஊரில எங்களுக்குப் படிப்பிக்கக் கொழும்பில இருந்து ஆள் வருதோ?” என்று நான் பொரிந்து தள்ளினேன். பொரிந்து தள்ளிய பாவத்துக்கு, சிற்றுண்டிப் பொறுப்பை என்னிடமே தந்தார்கள். நல்லது, உள்ளடக்கல் என்றால் என்னவென்று நான் காட்டுகிறேன் பார் என்று வரிந்துகட்டினேன். மண்டபத்தில் ஒரு பிஸ்கட்கூடத் தெரியக்கூடாது. தேவையானவர்கள் ஒவ்வொருவராகக் களஞ்சியத்துக்குப் போய்வரலாம். இதைப் பார்த்தாவது அவள் மனம் மாறட்டும்.

பயிற்சியாளர் ஒரு சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசினார், எங்கேயாவது தடக்கினால் தானே முதலில் சிரித்தார். எங்களை வட்டமாக இருத்தி, “இந்த வேலையிடத்தில் நான் வெளியில் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றிய ஒரு நேரத்தைச் சொல்லுங்கள்” என்றார். ஆளாளுக்குப் பழைய, காயம் ஆறிய கதைகளாகப் பார்த்துச் சொன்னார்கள். கந்தளாயிலிருந்து வரும் சிங்கள விரிவுரையாளர், வந்த புதிதில் எங்கள் தேநீர்க் கதை ஒன்றும் விளங்காமல் மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துவைத்ததைச் சொல்ல, மண்டபம் கலகலத்தது.

அடுத்தது அவள். எழுந்து நின்று சால்வை நுனியைச் சரிசெய்தாள்.

“நான் வந்த ரெண்டு கிழமையும் எல்லாரும் என்னோட நல்லாத்தான் கதைச்சாங்க. பொறகு என்ன நடந்திச்சோ தெரியா. பத்து மணியானா ஒருத்தரும் இரிக்கிறல்ல. களஞ்சியத்துக்குள்ள சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். இப்ப கதவையும் சாத்திட்டாங்க. திரும்பி வந்து என்ட மொகத்தப் பாக்கிறாங்களும் இல்ல. நான் கப்பல எண்ணிட்டு இரிப்பன்.”

என் முகம் சுட்டது. சுட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. “பிள்ளை, நீங்கள் நோன்பெண்டு மரியாதைக்குத்தானே நாங்கள் ஒளிச்சுக் குடிச்சனாங்கள்! முந்தியே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

அவள் என்னைப் பார்த்துக் கண்களை விரித்தாள். நிஜமாகவே அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. “யாருக்கிட்ட மேடம் சொல்ற? சொல்லுறதுக்கு அங்க ஆள் இரிந்தாத்தானே?” சால்வை நுனியை மறுபடி இழுத்துவிட்டாள். “நான் நோம்பு புடிச்சது சாப்பாட்டுக்கு. கதைக்கு நோம்பு புடிக்கல்ல.”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பாலையூற்றுக்காரர் உள்ளே வந்தார், இரண்டு கன்னமும் ரோல்ஸ். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு சிரித்தது மண்டபம் முழுக்க. நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. எங்கள் மரியாதையால் அந்தப் பிள்ளையை ஊமையாக்கி வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

நான் எழுந்துபோய்க் கேத்தலைத் தூக்கிவந்து மண்டபத்தின் நடுமேசையில் வைத்தேன். அப்போதும் ஒருவரும் கிட்டப் போகவில்லை. மூதூரைச் சேர்ந்த நூலகரும் நோன்புதான். அவர்தான் அதட்டினார்: “குடிங்களேன்! எங்கட வாப்பாவுக்கு ஹோட்டல் கட. ரொட்டி போட்டுப் போட்டே நோம்பு புடிச்ச குடும்பம் நாங்க.” அவள் கேத்தலை எடுத்து எனக்கு ஊற்றினாள். சீனியைத் தேடிய என் கையை, “மேடத்துக்குப் போதும்” என்று தட்டிவிட்டாள். பயிற்சியாளர் மீதி வகுப்பைக் கைவிட்டுத் தானும் ஒரு கோப்பையோடு வட்டத்தில் வந்து இருந்தார்.

மறுநாள் கேத்தல் பழைய மூலைக்குத் திரும்பியது. ஆனால் அவள் போட்ட விண்ணப்பம் போட்டதுதான். பெருநாள் வந்தது, அவள் கொண்டுவந்த வட்டிலப்பத்தைத் துறையே வழித்துச் சாப்பிட்டது. பிறகொருநாள் ‘சொந்த அலுவல்’ என்று லீவு எடுத்தாள். நேர்முகம் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, சிநேகிதிக்குக் கொடுத்த வாக்கால் நானும் கேட்கவில்லை. அவளுடைய தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் என் நெஞ்சும் சேர்ந்து அடித்தது.

மாரி தொடங்கி, கந்தசஷ்டி வந்தது. நான் ஆறு நாளும் விரதம், இரவில் பாலும் பழமும் மட்டும். பத்து மணியானது. ஒருவருக்குத் தொலைபேசி வந்தது, ஒருவருக்கு நூலகத்தில் வேலை வந்தது. பழக்கதோஷம், அறை காலியாகிவிட்டது. நான் கேத்தலுக்குப் பக்கத்துக் கதிரையில் தனியே இருந்து, மழைக்குள் மங்கலாகத் தெரிந்த ஒரு கப்பலைப் பார்த்தேன். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கதவு திறந்தது. ஒரு கையில் தேநீர், மறுகையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பையோடு அவள் வந்தாள். கதிரையை இழுத்து எனக்கு நேர்முன்னால் போட்டுக்கொண்டு இருந்தாள். பைக்குள் கையை விட்டு ஓர் உழுந்து வடையை எடுத்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

“என்ன பிள்ளை இது?”

“கதைக்க வந்தன் மேடம்.” ஆற அமர மென்றாள். “அந்த வேல கெடச்சிச்சி. உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்.”

நான் கேத்தலின் மூடியைத் திறந்து மூடினேன்.

“வர ஏலாதெண்டு நேத்து எழுதிட்டன்.” ஒரு மிடறு தேநீர் குடித்தாள். “வடைக்கு உப்புக் கொஞ்சம் கூட.”

எனக்கு வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் என்னவோ ஊறியது. அவள் பைக்குள் மறுபடி கையை விட்டாள்.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோ பிள்ளை,” என்றேன். “இன்னுமொண்டு எடுங்கோ.”