கையெழுத்துக்கு முந்திய புதன்கிழமை

மாமா கட்டிலை விட்டு எழுந்து நின்ற அந்தப் புதன்கிழமைக் காலையை நினைத்தால் இன்றும் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம். மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருஷம் குச்சிகளை மருந்தில் முக்கி எடுத்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அரசுக் காப்பீட்டில் வீட்டுக்கே அனுப்பிய பிசியோ தம்பி தாங்கிப் பிடிக்க, ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு பத்து எண்ணும் வரை நின்றார். "இன்னுங் கொஞ்ச நாள்ல நானா கக்கூசுக்குப் போயிருவேன் தாயி. நீ எதுக்கு எனக்குப் பீ அள்ளணும்?" என்றார். மகன் திருப்பூரில், வீட்டில் நாங்கள் இருவர்தான். மாமாவுக்கு வேறு ஆசையே இல்லை.

கெடுத்தது நான். வீட்டுக்கு வந்து சிகிச்சை கொடுக்க அனுமதிக்கும் காப்பீட்டுப் படிவத்தில் டாக்டர் வியாழக்கிழமைதான் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. நல்ல காரியத்தைப் புதனில் தொடங்குவது எங்கள் வீட்டு வழக்கம். "ஒரு நாள்தான தம்பி, இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க" என்று கெஞ்சினேன். அவரும் இரக்கப்பட்டு, வந்த தேதியை நேர்மையாக எழுதிவைத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் அதையே பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துக்கு முன்னால் சிகிச்சை நடந்திருக்கிறது, செல்லாது, புதுப் படிவம் வேண்டும் என்றார்கள். அதற்குள் அந்த டாக்டர் மாறிப் போய்விட்டார். அடுத்தவர் வர மூன்று வாரம். கையெழுத்து இல்லாமல் வந்தால் பிசியோ தம்பியின் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். நானே காலை நீட்டி மடக்கிவிடப் போனால் மாமா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். மருமகள் தன் காலைப் பிடிக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

புது டாக்டர் நல்லவர்தான். "நான் பாக்காத ஆளுக்கு எப்படிம்மா கையெழுத்துப் போட?" என்றார். "எந்திரிக்க முடியாதவருக்குத்தான சார் வீட்டுக்கு ஆள் கேக்கோம்" என்றேன். விதி அப்படி என்று கையை விரித்தார். ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ப் பாதை கரிசல் சேறாகக் கிடந்தது. லோடு ஆட்டோ உள்ளே வரவே இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தோம். பிறகு மெத்தையோடு மாமாவைத் தூக்கிப் போட்டுக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் விழுந்தன. வீட்டுக்கு வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. பேசியிருந்தால் திட்டித்தான் இருப்பேன்.

மறுநாளே பிசியோ தம்பி வந்தார். படிவத்தில் இந்த முறை ஒரு குறையும் இல்லை. மாமாவின் முழங்காலை நீட்டப் பார்த்தார். அது மடங்கினபடியே இறுகிப் போயிருந்தது. இன்னொரு தடவை முயன்றபோது மாமா பல்லைக் கடித்துக்கொண்டு அலறினார். தம்பி காலை மெல்லத் தலையணை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மத்தியானம் தட்டோடு போனேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"இனிமே எனக்குச் சோத்தக் கொறச்சு வைம்மா" என்றார். "அள்ளுற ஒனக்குத்தான் செரமம்."