கொக்கு வகையறா

மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க இன்று அருப்புக்கோட்டை அச்சகத்துக்குப் போனேன். என் பெயருக்கு மேலே 'கொக்கு வகையறா' என்று போடச் சொன்னேன்.

எங்கள் பாட்டனார் பரளச்சிக் கம்மாயில் ஒற்றைக்காலில் தவம் நின்று, தேவலோகத்தையே நடுங்கவைத்து மழையை இறக்கியதால் வந்த பட்டம் என்று அச்சகக்காரரிடம் அளந்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பரளச்சிக்காரர் சிரித்தார்.

"தவமா? கேக்காம மீன் பிடிச்சான்னு எங்க தாத்தாதான் பகல் பூரா ஒத்தக்கால்ல நிக்க வச்சாக. அன்னைக்கு வச்ச பேருய்யா அது."

அச்சகக்காரர் குரலைத் தாழ்த்தி, "எடுத்துரவாண்ணே?" என்றார்.

"இன்னும் பெருசாப் போடு. மொதப் பத்திரிகை இவுகளுக்குத்தான்" என்றேன்.

நின்றவருக்குப் பெயர் வந்துவிட்டது. நிற்க வைத்தவர் வீட்டுக்கு ஏன் ஒரு பெயரும் ஒட்டவில்லை? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள் மக்களே.