சீசர் இருக்கும் முனை

“ஒண்ணும் பண்ணாதும்மா” என்றார் அசோகன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் லுங்கியும் பனியனுமாக நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மந்தைவெளியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். தெருமுனை வீட்டை வாங்கிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஹம்சினி கைப்பையுடன் நின்றாள். ஆபீஸுக்குப் போகிற வழியில் நின்று பேசுவது அவளுக்கு வழக்கமில்லை. சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“மேல பாயுது சார்.”

“வெளையாடுது. கொயந்த மாதிரி அது.”

“அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது. அவரால ஓட முடியாது.”

“ஓடினாத்தாம்மா தொரத்தும். உங்கப்பா ஓட மாட்டாரு. அப்புறம் இன்னா பயம்?”

அவர் கேலி செய்யவில்லை. நல்ல செய்தி சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

“காலம்பர நாங்க போய்ட்டு வர்ற வரைக்கும் கட்டி வையுங்களேன்.”

“காலைலதான் அது வெளிய போயாவணும். ராத்திரி பூரா சங்கிலில கீது. அவுத்து வுட்டா வேலைய முடிச்சிக்கினு அதுவே வந்துரும். கடிச்சிதா, சொல்லு. ஒரு பல்லு பட்டிருந்தாலும் இப்பவே கட்டிப் போடறேன்.”

“கடிக்கலை. தொடுது.”

“தொட்டா?”

“தொட்டா அப்பா திரும்பிப் போய்க் குளிக்கணும்.”

அசோகன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, “மணி! இங்க வாயேன். நம்ம சீசர் தொட்டா அய்யரு குளிக்கணுமாம்” என்றார்.

அவர் மனைவி மணிமொழி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். “வாராவாரம் டெட்டால் போட்டுக் குளிப்பாட்டறேன் பாப்பா. இந்தத் தெருவுல அத்த மாதிரி சுத்தமா ஆருமே இல்ல. இந்தத் தண்ணிக் கஷ்டத்துல நானே அவ்ளோ குளிக்கறதில்ல.”

இருவரும் சிரித்தார்கள். சீசர் அசோகனின் காலடியில் படுத்து ஹம்சினியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அல்சேஷன் என்று சொல்லி விற்கப்பட்ட நாய். உடம்பு அல்சேஷன்தான், காது மட்டும் ஒத்துக்கொள்ளாமல் தொங்கியது.

“சரி, கட்டறேன் போ. ஆபீஸுக்கு லேட்டாவுது உனக்கு” என்றார் அசோகன்.

ஓரிரு நாள் கட்டினார்.

ஹம்சினியின் அப்பா சந்திரமௌலி யாரும் தொடுவதை விரும்பாத மனிதர். தி. நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பார்சல் அனுப்பும் பிரிவில் வேலை. மயிலாப்பூரிலிருந்து லஸ், ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை என்று நடந்தே போவார், நடந்தே திரும்புவார். பஸ் காசை மிச்சம் பிடிக்கிறார் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அவருக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. பஸ்ஸில் ஏறினால் யாராவது மேலே இடிப்பார்கள், அவ்வளவுதான். புதிதாக வந்த மேனேஜர் குலுக்கக் கை நீட்டியபோது இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, அந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும் வரை கும்பிட்டுக்கொண்டே இருந்தார். அது ஆசாரமா கூச்சமா என்று வீட்டில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒன்றுக்கு இன்னொன்று சாக்காகி, இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருந்தன. ஹம்சினி சைக்கிள் கற்றுக்கொண்டபோதுகூட அவர் சீட்டைத்தான் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அவள் விழுந்தபோது சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். அவள் தானாக எழுந்துகொண்டாள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு ஐப்பசி மாதக் காலையில், ஷேவிங் செய்துகொண்டிருக்கும்போது, இடது பக்கம் மரத்துப்போயிற்று. முகத்தில் பாதி சோப்போடு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் தொட்டாள், வார்டுபாய் தொட்டான், பெயர் தெரியாத யார் யாரோ புரட்டிப் போட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஜெயலக்ஷ்மி அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹம்சினி அழவில்லை. மாத்திரை வாங்கினாள், லீவுக்கு எழுதிக் கொடுத்தாள், விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி கலந்தாள். ஆபீஸ் தோழி கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படிடி இருக்கே?” என்று கேட்டபோது, “பரவாயில்லை” என்றாள். பொய் சொன்னதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பேச்சு மெல்லத் திரும்பியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தன. கம்பு ஊன்றி நிற்கவும் முடிந்தது. இடது காலைத் தரையோடு இழுத்து இழுத்து நகர்ந்தார். இடது கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. அதில் சுட்டாலும் குத்தினாலும் அவருக்குத் தெரிவதில்லை.

“தினம் நடக்கணும்” என்றார் டாக்டர். “இந்தச் சில மாசத்துல என்ன திரும்பறதோ அதுதான். விட்டுட்டா கால் இப்படியே நின்னு போயிடும்.”

வீட்டுக்கு வந்ததும் சந்திரமௌலி கேட்டார். “எங்க... நடக்கறது?”

“சும்மா ஒரு வாக்கிங்தான்னா. தெருக்கோடி வரைக்கும் போய்ட்டு வரது” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“அங்க என்ன... இருக்கு?”

போய்ச் சேர ஓர் இடம் இல்லாமல் அவர் வாழ்நாளில் நடந்ததில்லை. பீச்சில் காலை வீசிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, இவர்களுக்கு வேலை இல்லையா என்று கேட்கிறவர். கடைசியில் ஜெயலக்ஷ்மிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கபாலி கோயிலுக்குப் போவது. கோயில் என்றதும் ஒப்புக்கொண்டார். ஆனால் கோயில் என்றால் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். துவைத்துத் தனியாக உலர்த்திய வேட்டி, நெற்றியில் விபூதி. வழியில் நாய் தொட்டால் அத்தனையும் வீண். திரும்பி வந்து மறுபடி குளிக்க வேண்டும்.

வேறு வழியாகப் போகலாம் என்றால் ஒன்று ஆர்.கே. மடம் ரோடு. பஸ் உரசிக்கொண்டு போகும், கம்பு ஊன்ற ஓரமே கிடையாது. மற்றது குப்பைத்தொட்டி இருக்கும் சந்து. அங்கே சீசருக்குப் பதில் ஒரு கூட்டமே இருந்தது.

சீசருக்குக் கோபம் அவர் மேல் இல்லை. தரையில் கால் தேயும் அந்தச் சத்தத்தின் மேல், கம்பின் மேல். காம்பவுண்டு ஓரத்திலிருந்து குரைத்துக்கொண்டே ஓடிவரும். பயந்துபோய் அவர் கம்பைத் தூக்குவார். தூக்கியதும் அது பாயும். வேட்டியில் இரண்டு மண் கால் தடம் விழும். அவர் அங்கேயே நின்று, வீட்டுப் பக்கமாகத் திரும்புவார். திரும்புவதற்கே அவருக்கு நேரம் பிடிக்கும்.

வீட்டில் ஜெயலக்ஷ்மி மறுபடி அடிபம்பைப் பிடிப்பாள். மெட்ரோ தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு பம்பு காற்றை இறைக்கும். சமையலுக்குப் பிடித்துவைத்த குடத்திலிருந்து எடுத்து அவரை இரண்டாம் முறை குளிப்பாட்டி முடிப்பதற்குள் ஹம்சினிக்கு ஆபீஸ் நேரம் வந்துவிடும். “இன்னிக்குப் போறும்னா” என்பாள் அம்மா. அன்றைய நடை அந்த முனையோடு முடிந்துபோகும்.

ஹம்சினி என்னென்னவோ செய்து பார்த்தாள். கல்லை எடுப்பதுபோல் குனிந்தாள். சீசர் கல்லடி பட்டு வளர்ந்த தெருநாய் இல்லை, குனிந்தவளின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அப்பாவின் நீளக் கறுப்புக் குடையைக் கொண்டுபோய் அதன் முன்னால் படாரென்று விரித்தாள். முதல் நாள் பின்வாங்கியது. அப்புறம் குடையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

“பைரவர் வாகனம். ஏதாவது போட்டுப் பாரேன்” என்றாள் ஜெயலக்ஷ்மி. ஹம்சினி மில்க் பிஸ்கட் போட்டாள். அதற்கு முன்பு, சில நாளாவது, தூர நின்று குரைத்துவிட்டுப் போன நாய், இப்போது அவளுக்காகவே காத்திருந்தது. பிஸ்கட் பையை மோந்து, கையை நக்கி, அப்பாவின் வேட்டி மேலும் ஏறியது. தொடக்கூடாதென்று போட்ட பிஸ்கட், தொடுவதற்கு அதை நேரே கூட்டிவந்தது. பிஸ்கட்டை நிறுத்தினாள். அன்றிலிருந்து சீசர் உறுமத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அவள் அசோகனிடம் போய்ப் பேசியது.

ஓரிரு நாள் கட்டிவைத்தவர் மறுபடி அவிழ்த்துவிட்டார். “கட்னா கத்தி ஊரையே கூட்டுது பாப்பா” என்றாள் மணிமொழி மாடியிலிருந்து, தப்பு தன்னுடையது என்ற குரலில்தான்.

“போறும். ஆத்துக்குள்ளயே நடக்கட்டும்” என்று ஜெயலக்ஷ்மி முடிவு செய்தாள். “கடிச்சு வெச்சா தொப்புள்ல ஊசி போடணும். இருக்கறது போறாதா?”

சந்திரமௌலி ஹாலில் நடந்தார். டி.வி.யிலிருந்து வாசல் கதவு, கதவிலிருந்து டி.வி. சில நாள் கழித்துக் கதவண்டை போனவர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். “ஏன்ப்பா நின்னுட்டேள்?” என்று கேட்டால், “வந்தாச்சே” என்றார். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. அடுத்த முறை டாக்டர் அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தார். பின்னுக்கு மடங்க வேண்டியது மடங்கவில்லை. அவர் ஹம்சினியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒருவன் ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தான். அது கிளம்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் காலை. ஜெயலக்ஷ்மி கொல்லையில் பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, சந்திரமௌலி வாசற்படியில் நின்றார். கையில் கம்பு. ஒரு செருப்பைத் தானே மாட்டிக்கொண்டிருந்தார். இடது கால் செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

“வா” என்றார்.

ஹம்சினி செருப்பைத் திருப்பி அவர் காலில் நுழைத்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். அம்மாவைக் கூப்பிடவில்லை.

முனை வந்தது. சீசர் கேட்டுக்கு வெளியே படுத்திருந்தது. கால் தேயும் சத்தம் கேட்டு எழுந்தது. இம்முறை ஓடிவரவில்லை. தலையைத் தாழ்த்தி, பல் தெரிய, அடியடியாக வந்தது. குரைப்பதைவிட அது மோசமாக இருந்தது.

“அப்பா, நின்னுக்கோங்கோ. கம்பைத் தூக்காதேங்கோ.”

அவர் நின்றார். ஹம்சினி அவருக்கு முன்னால் போய்ப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். நாயின் கண்ணைப் பார்க்காமல் அதன் முன்னங்காலைப் பார்த்தாள். மடக்கிய குடையை இருவருக்கும் நடுவில் தாழ்த்திப் பிடித்தாள். சீசர் குடை நுனியைக் கவ்வியது. கவ்வி உலுக்கியது. அவள் இழுக்கவுமில்லை, விடவுமில்லை. துணியில் பல் இறங்கும் சத்தம் கேட்டது. பயப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. யாரோ ஒருத்தியின் கை குடையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

“சீசர்! ஏய்!” மாடியிலிருந்து அசோகனின் குரல். “ஒண்ணும் பண்ணாதும்மா! சும்மா நில்லு, தோ வந்துட்டேன்!”

சும்மாதான் நின்றாள். ஓடுகிறவரும் இல்லை, கம்பு தூக்குகிறவரும் இல்லை என்றானதும் சீசருக்கு அலுத்துப்போயிற்று. குடையை விட்டது. அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. அவள் திரும்பிப் பார்த்தபோது, தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் இடது கையை அது மோந்தது. பிறகு நக்கியது. விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று நிதானமாக, ஒரு வேலையைப்போல.

சந்திரமௌலி நேராகக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அசோகன் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். “பாத்தியா, நா சொன்னேன்ல. குடைதான் போச்சு. மன்னிச்சிக்கங்க சாமி.” நாயோடு உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினார்.

தெரு அமைதியானது. ஹம்சினி சொன்னாள். “அப்பா, நக்கிடுத்து.”

“எங்க?”

“இடது கையில.”

அவர் கம்பை அவளிடம் கொடுத்தார். வலது கையால் இடது கையைத் தூக்கி, ஈரமாக மின்னிய விரல்களைப் பார்த்தார். யாரோ பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எனக்கு... ஒண்ணுமே படலையே” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். “எனக்கே படலைன்னா... அது தொட்டதா ஆகுமா?”

“சாஸ்திரிகளைக் கேக்கலாமாப்பா?”

“வேண்டாம். கேட்டா... குளிக்கச் சொல்லுவார்.”

ஹம்சினி அந்தக் கையைப் பிடித்துத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. துடைத்து முடித்ததும் கம்பை வாங்கிக்கொண்டார். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு இடது காலை இழுத்து முன்னால் வைத்தார்.

மாட வீதிக்கு வந்தபோது பூக்கடைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலுக்கு அவ்வளவு தூரம் அதுவே முதல் தடவை. கோயில் குளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வேர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. மூச்சு அடங்கியதும் கூப்பிட்டார்.

“ஹம்சினி.”

“என்னப்பா?”

“ஆத்துக்குப் போனதும்... நீ குளிக்கப் போகாதே. நீ குளிச்சா, நாய் தொட்டது அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். நாளைக்கு... அனுப்ப மாட்டா.”