கமருன்னிசா வெட்டிய தொளதொளக் கால்சட்டை

யாங்கோன் நகரின் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலை. அமெரிக்காவுக்குப் போகும் கால்சட்டைகளுக்குத் துணி வெட்டும் பகுதியைக் கமருன்னிசா பத்து வருஷமாகக் கட்டி மேய்த்தாள். 2003இல் அமெரிக்கா பர்மா உடுப்புகளுக்குத் தடை போட்டது. ஒரு திங்கட்கிழமை வாசலில் பூட்டுத் தொங்கியது. நானூறு பெண்கள் சோற்றுத் தூக்கோடு வீடு திரும்பினார்கள்.

நகருக்குள் போட்டாதாங்கில் இருந்த தன் வீட்டு வாசலில் மிதிமெஷினைப் போட்டு, அக்கம்பக்கத்தாரின் கிழிசல்களைத் தைக்க உட்கார்ந்தாள். எதிரே படகுத்துறையில் மூட்டை ஏற்றும் செல்வம், வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு ஆடிப் பழகுவான். அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் தெருவில் உருவாக்கிய ஹிப் ஹாப், கேசட்டிலும் டிஷ் டிவியிலும் யாங்கோனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதே தாளத்துக்குப் பர்மிய மொழியில் பாட்டு வரிகளைப் படபடவென்று பொழிவான் செல்வம். உடுப்பும் அதேபோல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கடையில் கிடைத்ததோ இடுப்பு மட்டும் பெருத்த கால்சட்டை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஆடினான்.

மூன்று நாள் பார்த்தவள், நாலாம் நாள் பொறுக்க மாட்டாமல் கூப்பிட்டாள்.

“தம்பி, இடுப்பு பெருசா இருந்தா அவுந்துதான் விழும். அகலம் தொடையில இருக்கணும். கவட்டையும் இறக்கி வெட்டணும்.”

“அக்காவுக்கு வெட்டத் தெரியுமா?”

“அமெரிக்காக்காரனுக்கு இத்தனை வருஷம் வெட்டினது யாரு?”

செல்வம் அங்கேயே ஏழு பேருக்குத் தைக்கச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை அவர்களுக்கு மேடை; நாலே நாள் இருந்தது.

சந்தையில் நூலும் பொத்தானும் விற்கும் அவள் கணவன் காஜா மைதீன் சிரித்தான். “கைலி கட்டுற ஊர்ல இந்தச் சாக்கை எவன் மாட்டுவான்?”

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். தடித்த ஜீன்ஸ் துணியில் ஊசி ஒன்பது உடைந்தது. மூன்றாம் நாள் மாலை காஜா மைதீன் கனத்த ஊசிக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். பிறகு கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிப் பற்றவைத்து, தைத்து முடிந்ததைத் தேய்க்கத் தொடங்கினான்.

சனிக்கிழமை பிற்பகல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் அரங்கில் போய் உட்கார்ந்தாள். பாட்டு அவள் காதில் ஏறவில்லை. செல்வம் எம்பிக் குதித்துக் காலை அகட்டித் தரையில் உட்கார்ந்தபோது, கவட்டுத் தையலையே பார்த்தாள். ஒரு நூல் பிரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசி அவன் சுழன்றான். அரங்கம் எழுந்து கத்தியது. அவளும் எழுந்து நின்றாள்.

மறுநாள் காலை, “மா கமரு வீடு எது?” என்று, அக்காவைப் பர்மிய வழக்கில் ‘மா’ ஆக்கிக் கேட்டுக்கொண்டு பதினொரு பையன்கள் வந்தார்கள். அடுத்த மாதம் ஒற்றை மெஷினுக்கு வேலை தாளவில்லை. கமருன்னிசா பஸ் ஏறி ஷ்வேப்யிதாவுக்குப் போய், பழைய தோழிகளை வீடு வீடாகத் தேடினாள்.

“வாங்கடி, வேலை இருக்கு,” என்றாள்.

முதலில் பல்கீஸ் வந்தாள். பிறகு நால்வர். 2010இல் பதினெட்டு மெஷின்கள் ஓடின. மாண்டலேயிலிருந்தும் ஆர்டர் வந்தது. பட்டறையில் நாள் முழுக்க ராப் பாட்டு அலறும்.

“உனக்கு இது புரியுதா?” என்று பல்கீஸ் ஒருநாள் கேட்டாள்.

“இந்த வேகத்துல வார்த்தை புரியல. எந்த அடிக்குக் கால் எம்புட்டு அகலும்னு தெரியும்,” என்றாள் கமருன்னிசா, அடுத்த துணியை விரித்தபடி.